சுகர் இருந்தா எதிர்ப்பு சக்தி குறையுதா, கூடுதா? ரெண்டு டாக்டர் ரெண்டு மாதிரி சொல்றாங்க

குடமுருட்டி
நேத்து ராத்திரி 10.40

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. அப்பாவுக்கு 63 வயசு, சுகர் வந்து 14 வருஷம். ஆளு ஒல்லி, வயிறு மட்டும் கொஞ்சம் முன்னாடி நிக்கும். தை மாசம் ரப்பர் செருப்போட வார் கட்டைவிரல் இடுக்குல உரசி ஒரு புண்ணு, மொளகு சைஸ்தான், அவருக்கு அது இருக்கறதே தெரியல, கூடத்துல தரையில ரத்தம் பொட்டு பொட்டா கெடக்கேன்னு அம்மா கேட்டப்பறம்தான் காலை தூக்கி பாத்திருக்காரு. ரெண்டு மாசம் முடியப்போகுது, தெனம் டிரஸ்ஸிங் பண்றோம், ஆறுற மாதிரி இருக்கும், அப்பறம் பாத்தா ஓரம் வெள்ளையா ஊறிப்போய் திரும்ப பழைய கதை.

என் கேள்வி புண்ணுக்கு வைத்தியம் இல்ல, அதுக்கு டாக்டர் பாத்துட்டு இருக்காரு. மொதல்ல பாத்தவரு சொன்னது, சுகர் ஜாஸ்தி, அதனால எதிர்ப்பு சக்தி கம்மி, அதான் புண்ணு ஆற மாட்டேங்குதுன்னு. ரெண்டு வாரம் கழிச்சு ரத்த ரிப்போர்ட்ட பாத்த இன்னொருத்தர் சிஆர்பி (உடம்புல வீக்கம், எரிச்சல் இருந்தா ரத்தத்துல ஏறற ஒரு புரதம்) ஏறியிருக்கு, உடம்பு பூரா இன்ஃப்ளமேஷன் ஜாஸ்தி, இது ஹார்ட்டுக்கும் நல்லதில்லங்கறாரு. நான் பன்னெண்டாவதுல படிச்ச வரைக்கும் இன்ஃப்ளமேஷன்னாலே எதிர்ப்பு சக்தி வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம். ஊர்ல போலீஸே பத்தலங்கறாரு ஒருத்தர், ஊரு பூரா போலீஸ் தடியடிங்கறாரு இன்னொருத்தர். எதைத்தான் நம்பறது? ரெண்டு பேர்ட்டயும் கேக்க நெனச்சேன், வெளிய அறுபது டோக்கன் காத்துக்கிட்டு இருக்கு, எப்படி கேக்கறது.

அப்பா கேக்கறது வேற. "நான் ஒல்லியாத்தானேடா இருக்கேன், எனக்கு எதுக்கு இந்த கருமமெல்லாம்?"

சந்தேகராமன்
நேத்து ராத்திரி 11.05

நல்ல கேள்வி. யாராவது தெரிஞ்சவங்க பதில் சொல்றதுக்குள்ள "எதிர்ப்பு சக்தியை பத்து மடங்கு கூட்டும் பவுடர்"னு ஒருத்தர் லிங்கோட வருவாரு பாருங்க. பத்து மடங்கு கூட்டினா என்ன ஆகும்னு அவருக்கே தெரியாது. இடம் புடிச்சு உக்காந்துட்டேன்.

பிங்க்மீடியம்
இன்னைக்கு காலை 6.20

ரெண்டு டாக்டரும் சரியாத்தான் சொல்லியிருக்காங்க. உங்க போலீஸ் உதாரணத்துலயே பதில் இருக்கு, தெருத்தெருவா தடியடி நடத்திட்டு இருக்கற போலீஸ் திருடன புடிக்க போகமாட்டான். ஆனா ஏன் அப்படி ஆகுதுங்கறது அந்த செல் என்னத்த எரிச்சு பொழைக்குதுங்கறதுல இருக்கு, அத சொல்றேன், இது என் அன்றாட வேலை.

நான் ஒரு லேப்ல மேக்ரோஃபேஜ் வளக்கறேன். வெள்ளணுல ஒரு வகை, கிருமிய முழுங்கறது அவன்தான், செத்த செல்ல கூட்டி அள்ளறதும் அவன்தான், புண்ண மூடறதுக்கு மேஸ்திரி வேலையும் அவன்தான். அவங்கள வளக்கற தண்ணி ரோஸ் கலர்ல இருக்கும், அதுல ஒரு சாயம் போட்டிருக்காங்க, புளிப்பு ஏறினா மஞ்சளாயிடும். சாயங்காலம் ஒரு பிளேட்ல பாதி குழிக்கு பாக்டீரியா தோலோட துணுக்கு கொஞ்சம் விட்டு வைப்பேன், மீதி பாதிக்கு ஒண்ணும் கிடையாது. காலையில இன்குபேட்டர தொறந்தா மைக்ராஸ்கோப்பே வேணாம், துணுக்கு விட்ட பாதி வெளுத்து எலுமிச்சை சாதம் மாதிரி இருக்கும், மத்த பாதி ரோஸாவே இருக்கும். கோவம் வந்த செல்லு குளுக்கோஸ வாரி வாரி தின்னு லாக்டிக் ஆசிடா துப்பியிருக்கு. ஆக்சிஜன் தாராளமா இருக்கு, இருந்தும் அப்படி செய்யுது. இதைத்தான் 1920கள்ல ஓட்டோ வார்பர்க் கேன்சர் செல்லுல பாத்தாரு, மேக்ரோஃபேஜும் கோவத்துல அதே வேலைதான் பண்ணுது.

கணக்கு பாத்தா நஷ்டம். ஒரு குளுக்கோஸ செல்லோட அடுப்பான மைட்டோகாண்ட்ரியா வரைக்கும் கொண்டுபோய் முழுசா எரிச்சா சுமார் 30 ஏடிபி (செல்லு செலவழிக்கற சக்தி காசு) கெடைக்கும், பாதியில லாக்டிக் ஆசிடா விட்டுட்டா ரெண்டே ரெண்டு. அப்பறம் எதுக்குன்னா, கல்யாண வீட்டு சமையல நெனச்சுக்கங்க. தெனம் வீட்டுல கேஸ் அடுப்புல சிக்கனமா பொங்கறோம், கல்யாணம்னா பந்தலுக்கு பின்னாடி கோட்டை அடுப்பு வெட்டி வெறக கொண்டாந்து கொட்டி எரிக்கறோம், பாதி சூடு காத்துல போகும், யாரும் கவலைப்படறதில்ல, பன்னெண்டு மணிக்கு பந்தி போட்டாகணும், அவ்வளவுதான். செல்லுக்கும் அதே அவசரம். அதுவுமில்லாம குளுக்கோஸ் ஒடையற வழியில கெடைக்கற துண்டு துணுக்க வெச்சுத்தான் புது சாமான் எல்லாம் கட்டணும்.

இதுல ரெண்டாவது விஷயம்தான் எனக்கு புடிச்சது. கோவம் வந்த மேக்ரோஃபேஜோட மைட்டோகாண்ட்ரியால கிரெப்ஸ் சைக்கிள், அதாவது எரிபொருள படிப்படியா ஒடைக்கற வட்டம், நடுவுல ஒடஞ்சு நிக்கும் (பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி அடுத்த நாளே மறந்தோமே, அதேதான்). ஒடஞ்ச எடத்துல சக்சினேட்னு ஒண்ணு தேங்கும். டப்ளின் ட்ரினிட்டி காலேஜ்ல லூக் ஓ நீல் குரூப் 2013ல காட்டினது என்னன்னா, அந்த தேங்கின சக்சினேட்டே ஒரு சிக்னலா மாறி ஐஎல்-1 பீட்டாங்கற இன்ஃப்ளமேஷன் புரதத்த செய்யச் சொல்லி ஜீனுக்கு உத்தரவு போடுது. அதாவது அடுப்புல என்ன எரியுதுங்கறதே என்ன சமைக்கணும்ங்கறதையும் முடிவு பண்ணுது. அதே சைக்கிள்ல இன்னொரு பக்கம் இட்டகோனேட்னு ஒண்ணையும் அதே செல்லு செய்யும், அது பிரேக், கொஞ்ச நேரத்துல கோவத்த தணிக்கும். நெருப்பு வெக்கறதுக்கும் தண்ணி ஊத்தறதுக்கும் ஒரே கெணறு.

இப்ப உங்க அப்பா காலுக்கு வர்றேன். சாதாரண புண்ணுல மொத ரெண்டு மூணு நாளு இந்த கோட்டை அடுப்பு, அதுக்கப்பறம் மேக்ரோஃபேஜ் குணம் மாறணும், கொழுப்ப மைட்டோகாண்ட்ரியால நிதானமா எரிக்கற ஆளா மாறி, சண்டைய விட்டுட்டு கட்டுமான வேலைக்கு போகணும். சுகர் புண்ணுல அந்த மாற்றம் நடக்கமாட்டேங்குது, பந்தி முடிஞ்சும் அடுப்பு அணையல. நியூட்ரோஃபில்னு இன்னொரு வகை வெள்ளணு, அவங்க சாகறப்ப தங்களோட டிஎன்ஏவையே வலை மாதிரி வீசுவாங்க, கிருமி மாட்டிக்கும். சுகர்காரங்க நியூட்ரோஃபில் அந்த வலைய தேவையில்லாம வீசறதுக்கு தயாரா நிக்கும், புண்ணு பூரா வலை, ஆற விடாதுன்னு 2015ல காட்டியிருக்காங்க.

சரி, அப்ப எதிர்ப்பு சக்தி கம்மிங்கறது எங்க வருது? அதே நியூட்ரோஃபில் கிருமிகிட்ட ஒழுங்கா நகந்து போறதுலயும், முழுங்கி கொல்றதுலயும் மந்தம். கொல்றதுக்கு என்ஏடிபிஎச்னு ஒரு சரக்கு வேணும், ரத்தத்துல சுகர் அளவுக்கு மீறினா செல்லு அத வேற பாதையில தள்ளி சமாளிக்கும், அந்த பாதை இதே சரக்க தின்னுடும். சத்தம் ஜாஸ்தி, குறி கம்மி. ஒரே ஆளு, ஒரே நேரத்துல.

ராத்திரிடூட்டி
இன்னைக்கு காலை 7.45

நைட் முடிச்சுட்டு பஸ்ல உக்காந்து படிக்கறேன், மேல எழுதினவரு நல்லா சொல்லியிருக்காரு. நான் நர்ஸ், 19 வருஷ சர்வீஸ், டயபெடிக் ஃபுட் வார்டுல ஆறு வருஷம் இருந்தேன். லேப்ல பாக்காத ரெண்டு மூணு விஷயம் சொல்றேன் தம்பி.

மொதல்ல சிஆர்பி. காலுல தெறந்த புண்ண வெச்சுக்கிட்டு எடுத்த சிஆர்பி ஏறித்தான் இருக்கும், அத வெச்சு "உடம்பு பூரா"ன்னு முடிவுக்கு வராதீங்க, புண்ணு ஆறி கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப எடுத்தாத்தான் அடியில எவ்வளவு இருக்குன்னு தெரியும். 

ரெண்டாவது, அப்பாவுக்கு புண்ணு இருந்ததே தெரியலன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு பகீர்னது அதுதான். நரம்பு உணர்ச்சி போயிருக்கு. எங்க வார்டுல ஒரு நைலான் நூலு வெச்சிருப்போம், பத்து கிராம் அழுத்தத்துல வளையும், பாதத்துல அங்கங்க குத்தி "தெரியுதாய்யா"ன்னு கேப்போம். கண்ண மூடிக்கிட்டு "குத்துங்க சிஸ்டர்"னு ஒரு பெரியவர் சொல்லிட்டே இருப்பாரு, நான் ஏற்கனவே நாலு எடத்துல குத்தி முடிச்சிருப்பேன். வெள்ளணு, மைட்டோகாண்ட்ரியா எல்லாம் சரி, ஆனா காலுக்கு ரத்தமே போகலன்னா எந்த வெள்ளணு வந்து சேரும்? கால் ரத்த ஓட்டம் பாத்தாச்சா, உணர்ச்சி டெஸ்ட் பாத்தாச்சா, கேளுங்க. அந்த ரப்பர் செருப்ப மொதல்ல தூக்கி போடுங்க, எம்சிஆர் செருப்பு (சுகர்காரங்களுக்குன்னு மெத்து ரப்பர்ல செய்யறது) வாங்கி குடுங்க, விரல் இடுக்குல வார் மாட்டாத மாடல்.

எதிர்ப்பு சக்தி கம்மிங்கறதுக்கு நான் கண்ணால பாத்தது 2021. கொரோனா ரெண்டாவது அலையில கருப்பு பூஞ்சை வந்ததே, ஸ்டீராய்டு போட்டு சுகர் எகிறினவங்கதான் முக்கால்வாசி. அந்த பூஞ்சை காத்துலயும் மண்ணுலயும் சாதாரணமா இருக்கறது, நாம எல்லாரும் தெனம் மூச்சுல இழுக்கறோம், நமக்கு ஒண்ணும் பண்றதில்ல. டிபியும் அப்படித்தான், சுகர் இருக்கறவங்களுக்கு வர்ற வாய்ப்பு சுமாரா மூணு மடங்கு, அதனாலதான் டிபின்னு வந்தாலே சுகரும் பாக்கறோம். 

ஸ்டாப்பிங் வந்துடுச்சு, அப்பறம் வர்றேன்.

குடமுருட்டி
இன்னைக்கு காலை 9.10

சிஸ்டர், பிங்க்மீடியம் அண்ணா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. உணர்ச்சி டெஸ்ட் பாத்த மாதிரி தெரியல, ரத்த ஓட்டத்துக்கு ஸ்கேன் எழுதி குடுத்திருக்காங்க, நாங்கதான் தள்ளி போட்டுட்டு இருந்தோம், இந்த வாரம் எடுத்துடறோம். கல்யாண சமையல் உதாரணத்த அம்மாவுக்கு படிச்சு காட்டினேன், "சமையக்காரருக்கு காசு குடுக்காம அனுப்பினா அடுப்ப அணைக்காமத்தான் போவான்"னாங்க. அப்பாவோட கேள்விக்கு யாரும் பதில் சொல்லலயே? ஒல்லியா இருக்கறவருக்கு ஏன்?

டெட்லிஃப்ட்தம்பி
இன்னைக்கு காலை 9.32

டேய் குடமுருட்டி நான்தான்டா, உங்க அத்தை பையன் 😄 மாமாவுக்கு எப்படி இருக்கு. இங்க பெரியவங்க இருக்கறதால நானும் கேட்டுடறேன், மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை வயசாகறத தள்ளிப்போடும்னு பாட்காஸ்ட்ல எல்லாம் ஓடுது, இன்ஃப்ளமேஷனையும் கொறைக்குமாம், எனக்கு 29 வயசு, சுகர் கிடையாது, 500 போட ஆரம்பிக்கலாமா? ஜிம் கோச் ராபமைசின்னு வேற ஒண்ணு சொல்றாரு.

பழையபேப்பர்
இன்னைக்கு காலை 11.15

தம்பி டெட்லிஃப்ட், மொதல்ல உங்களுக்கு, ஏன்னா நீங்கதான் அவசரக்காரர். நான் மருந்து கம்பெனில முப்பது வருஷம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவன்.

மெட்ஃபார்மின் சுவாரசியமான மருந்துதான். ஐரோப்பாவுல கலேகான்னு ஒரு செடி, அதுலேர்ந்து தொடங்கின பரம்பரை. சுகருக்குன்னு 1957ல பிரான்ஸ்ல ஜான் ஸ்டெர்ன் கொண்டுவந்தாரு, ஆனா அதுக்கு முன்னாடியே 1950 வாக்குல பிலிப்பைன்ஸ்ல யூசெபியோ கார்சியாங்கற டாக்டர் இத ஃப்ளூ காய்ச்சலுக்கு குடுத்து பாத்துட்டு சுகர் எறங்குதேன்னு எழுதி வெச்சிருக்காரு. ஆக நோய் எதிர்ப்பும் சுகரும் இந்த மருந்துல ஆரம்பத்துலேர்ந்தே ஒட்டிக்கிட்டுத்தான் வருது. அமெரிக்காக்காரன் 1994 வரைக்கும் அனுமதியே குடுக்கல. மைட்டோகாண்ட்ரியாவோட மொத யந்திரத்த லேசா அமுக்கும், செல்லு "எரிபொருள் தட்டுப்பாடு"ன்னு நெனச்சு சிக்கனத்துக்கு மாறும்ங்கறது ஒரு முக்கிய விளக்கம்.

ஆனா உங்களுக்கு எதுக்கு? 2019ல வந்த ஒரு ட்ரையல்ல 65 வயசுக்கு மேற்பட்டவங்கள 14 வாரம் எடை தூக்க வெச்சாங்க, பாதி பேருக்கு மெட்ஃபார்மின், பாதி பேருக்கு வெத்து மாத்திரை. மெட்ஃபார்மின் போட்டவங்களுக்கு சதை கம்மியாத்தான் ஏறிச்சு. காசு குடுத்து ஜிம்முக்கு போய், காசு குடுத்து மாத்திரை வாங்கி, ஒண்ண ஒண்ணால அடிச்சுக்கணுமா? இன்னொன்னு 2002ல அமெரிக்காவுல, சுகர் எல்லையில நின்னவங்கள வெச்சு பண்ணினது. மெட்ஃபார்மின் சுகர் வர்றத 31 சதவீதம் கொறச்சுது, சாப்பாடு நடை எடை கொறைப்புன்னு போனவங்களுக்கு 58 சதவீதம். இத நான் எங்க கம்பெனி மீட்டிங்ல சொன்னா யாரும் ரசிக்கமாட்டாங்க.

ராபமைசின் கதை இன்னும் நல்லா இருக்கும். 1964ல கனடாக்காரங்க ஈஸ்டர் தீவுக்கு கப்பல்ல போய் மண்ணு அள்ளிட்டு வந்தாங்க. அந்த மண்ணுல இருந்த பாக்டீரியாலேர்ந்து இத பிரிச்சவரு சுரேன் சேகல், பிரிவினைக்கு முந்தின பஞ்சாப்ல பொறந்தவரு. 1980கள் தொடக்கத்துல கம்பெனி மான்ட்ரியல் லேப மூடினப்ப இத தூக்கி போடாம தன் வீட்டு ஃப்ரீசர்ல வெச்சு காப்பாத்தினாரு. நானும் ஒரு தடவ லேப் இடம் மாத்தினப்ப சாம்பிள் எல்லாத்தையும் குப்பைக்கு அனுப்ப கையெழுத்து போட்டிருக்கேன், அதுல என்ன போச்சோ. 1999ல கிட்னி மாத்தினவங்களுக்கு, எதிர்ப்பு சக்திய அமுக்கற மருந்தா வந்துது. 2009ல பாத்தா, 600 நாள் வயசான எலிக்கு, நம்ம கணக்குல கிட்டத்தட்ட அறுபது வயசு, குடுத்தா கூட ஆயுசு கூடுது.

இப்ப குடமுருட்டியோட கேள்விக்கு பொருத்தமான எடம் இது. எதிர்ப்ப அமுக்கற மருந்து. அதோட பங்காளி ஒண்ண 2014ல வயசானவங்களுக்கு கொஞ்சமா கொஞ்ச நாளைக்கு குடுத்து நிறுத்தி, அப்பறம் ஃப்ளூ தடுப்பூசி போட்டப்ப தடுப்பூசிக்கு உடம்பு காட்டின பதில் சுமார் 20 சதவீதம் கூடுச்சு. அமுக்கற மருந்து கூட்டுது! ஆகா ஓகோன்னாங்க, அதே வழியில வந்த இன்னொரு மருந்து 2019ல பெரிய ட்ரையல்ல தோத்துப்போச்சு. இந்த பக்கம் 2017ல ஹார்ட் அட்டாக் வந்தவங்க 10,000 பேருக்கு மேல வெச்சு, பிங்க்மீடியம் சொன்னாரே ஐஎல்-1 பீட்டா, அத ஊசி போட்டு அடைச்சு பாத்தாங்க. ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் எல்லாம் சேத்து 15 சதவீதம் கொறஞ்சுது, ஆனா தொத்து நோயில சாகறது கூடுச்சு. எரியற அடுப்ப மொத்தமா அணைச்சா ராத்திரி நாய் வந்தா வெரட்ட கொள்ளிக்கட்டை இருக்காது. 29 வயசுல இந்த வெளையாட்டு வேணாம் தம்பி.

டெட்லிஃப்ட்தம்பி
இன்னைக்கு காலை 11.21

சதை கம்மியா ஏறும்னா வேணாம் சார். முடிஞ்சுது.

செட்டிநாட்டுஆச்சி
இன்னைக்கு மதியம் 1.50

இத்தனை படிச்சவங்க இருக்கீங்க, எனக்கும் ஒரு சந்தேகம் தீத்து வைங்க. காச்சல்னா எங்க அப்பத்தா ரெண்டு வேளை ஒண்ணும் குடுக்காது, "லங்கணம் பரம ஔஷதம்"னு சொல்லும், அப்பறம் நொய்க்கஞ்சி. என் மருமக பேரனுக்கு காச்சல்னா வாயில திணிக்குது, தெம்பு வேணுமாம். எரிபொருள்தான் எல்லாம்ங்கறீங்களே, இதுல எது சரி?

பிங்க்மீடியம்
இன்னைக்கு சாயங்காலம் 5.35

ஆச்சி, நீங்க கேட்டதுக்குன்னே ஒரு ஆராய்ச்சி இருக்கு! 2016ல அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டில மெட்சிடோவ் குரூப் பண்ணினது. எலிக்கு லிஸ்டீரியான்னு ஒரு பாக்டீரியாவ ஏத்தினா அது தானாவே சாப்பாட்ட நிறுத்திடும். அந்த எலிக்கு குழாய் வெச்சு வலுக்கட்டாயமா ஊட்டினாங்க, செத்துப்போச்சு. சாப்பாட்டுல எதுன்னு பிரிச்சு பாத்தா குளுக்கோஸ்தான் காரணம். ஃப்ளூ வைரஸ் ஏத்தின எலிக்கு அதே மாதிரி ஊட்டினப்ப பொழச்சுது, குளுக்கோஸ் போற வழிய அடைச்சா செத்துது. பாக்டீரியா காச்சல்ல மூளைக்கு கீட்டோன் (பட்டினியில கொழுப்புலேர்ந்து உடம்பு செய்யற எரிபொருள்) தேவைப்படுது, வைரஸ் காச்சல்ல குளுக்கோஸ் தேவைப்படுது, கிருமிய கொல்றது மட்டும் கணக்கில்ல, அந்த சண்டைய உடம்பு தாங்கணும்ங்கறதுதான் அவங்க கண்டது. ஆக அப்பத்தாவும் பாதி சரி, மருமகளும் பாதி சரி. ஆனா இது எலி, பேரன் எலி இல்ல. கொழந்தைக்கு பசிச்சா குடுங்க, வேணாம்னா திணிக்காதீங்க, தண்ணி மட்டும் குடுக்காம இருக்காதீங்க. சுகர் மாத்திரையோ இன்சுலினோ போடறவங்க லங்கணம்னு கெளம்பிடவே கூடாது, லோ சுகர் ஆகி விழுந்துடுவாங்க.

குடமுருட்டி, அப்பா கேள்விய காலையில விட்டுட்டேன், ஸாரி. அதுக்கு ஒரு ஃபோட்டோவே இருக்கு. 2004ல லேன்செட்ங்கற மருத்துவ பத்திரிகைல வந்துது, புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை கணக்கு) அச்சு அசல் 22.3. ஆனா உடம்புல கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. நம்ம ஊரு ஒல்லி அப்படிப்பட்ட ஒல்லி, கை கால் குச்சி, கொழுப்பு வயித்துக்குள்ள ஒளிஞ்சிருக்கும். அங்க இருக்கற கொழுப்பு செல்லு ஊதி ஊதி மூச்சு முட்டி சாகும், செத்தத அள்ள மேக்ரோஃபேஜ் வந்து வட்டமா உக்காரும், உக்காந்தது கெளம்பாது, டிஎன்எஃப் மாதிரி இன்ஃப்ளமேஷன் புரதத்த கக்கிக்கிட்டே இருக்கும், அது இன்சுலின் பேச்ச மத்த செல்லு கேக்க விடாது. டிஎன்எஃப்க்கும் கொழுப்புக்கும் உள்ள இந்த தொடர்ப ஹோட்டமிஸ்லிகில் 1993லயே எலில காட்டிட்டாரு. அதாவது சுகர் வந்ததால மட்டும் இன்ஃப்ளமேஷன் வரல, இன்ஃப்ளமேஷனும் சேந்துதான் சுகர கொண்டாந்துது. தமிழ்ல அழற்சிங்கறாங்க, அழல்னா நெருப்பு, நல்ல பேரு. கிருமியே இல்லாத எடத்துல கங்கு மாதிரி கனிஞ்சுக்கிட்டு கெடக்கும், ஜுவாலை தெரியாது.

சந்தேகராமன்
இன்னைக்கு சாயங்காலம் 6.10

அப்ப சுகர் இல்லாதவனுக்கு வயசானா இதே கங்கு வருமா வராதா? எங்க தாத்தாவுக்கு சுகர் பிரஷர் ஒண்ணும் கிடையாது, 80க்கு மேல சின்ன சளிக்கே படுத்துட்டாரு, அதே சமயம் முட்டி வீக்கமும் போகல. அதே முரண்தானே இது?

பிங்க்மீடியம்
இன்னைக்கு ராத்திரி 8.25

அதேதான். 2000ல இத்தாலிக்காரர் க்ளாடியோ ஃப்ரான்செஸ்கி இதுக்குன்னே வயசையும் அழற்சியையும் ஒட்டவெச்சு "இன்ஃப்ளமேஜிங்"னு ஒரு பேரு வெச்சாரு. வயசாக ஆக புது கிருமிய படிக்கற சக்தி கொறையும், நெஞ்சுக்குள்ள டி செல்லுங்கற வெள்ளணுவ தயார் பண்ற தைமஸ் சுருங்கி கொழுப்பாயிடும், புது டி செல் வர்றது கொறையும், ஆனா பின்னணியில கங்கு மட்டும் ஏறிக்கிட்டே போகும். (தாத்தாவோட முட்டி தேய்மானமா கூட இருக்கலாம், எல்லாத்தையும் இதுமேல போடாதீங்க.)

காரணம் பலது இருக்கு, எனக்கு ரொம்ப புடிச்சது மட்டும் சொல்றேன். மைட்டோகாண்ட்ரியா ஆதி காலத்துல தனியா திரிஞ்ச பாக்டீரியா, நம்ம மூதாதை செல்லுக்குள்ள குடி வந்து அப்படியே தங்கிடுச்சு. இன்னமும் சொந்தமா டிஎன்ஏ வெச்சிருக்கு, 16,569 எழுத்து, 37 ஜீன், பாக்டீரியா மாதிரியே வட்டமா. எத்தனை கோடி வருஷம் ஒரே வீட்டுல இருந்தாலும் காவக்காரனுக்கு அந்த டிஎன்ஏ அன்னியம்தான். வயசான செல்லுல மைட்டோகாண்ட்ரியா ஓட்டை விழுந்து அந்த டிஎன்ஏ வெளிய ஒழுகினா, செல்லு "பாக்டீரியா வந்துடுச்சு"ன்னு சங்கு ஊதிடும். பழுதான மைட்டோகாண்ட்ரியாவ அப்பப்ப தின்னு தீக்கற குப்பை வண்டி ஒண்ணு செல்லுல இருக்கு, வயசானா அது சரியா வராது. வண்டி வராட்டி தெரு என்ன ஆகும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

இது வெறும் கூட நடக்கற விஷயமா, காரணமேவான்னு கேட்டா, ஸ்பெயின்ல மித்தெல்ப்ரூன் குரூப் 2020ல ஒண்ணு பண்ணினாங்க. எலியோட டி செல்லுல மட்டும் மைட்டோகாண்ட்ரியாவ கெடுத்தாங்க, வேற எதையும் தொடல. அந்த டி செல்லு அழற்சி சாமான கக்க ஆரம்பிச்சு, முழு எலியும் சின்ன வயசுலயே கெழடாயிடுச்சு, சதை, இதயம், நடை எல்லாம். மொத தடவ படிச்சப்ப சாப்பிட்டுட்டு இருந்த தோசை ஆறிப்போச்சு.

திரும்ப வருமான்னா கொஞ்சம் நம்பிக்கை இருக்கு. அமெரிக்காவுல ஆரோக்கியமானவங்கள ரெண்டு வருஷம் சாப்பாட்ட சுமார் 14 சதவீதம் கொறைக்க வெச்சு ஸ்கேன் பாத்தாங்க, விஷ்வ தீப் தீக்ஷித்தோட யேல் குரூப் 2022ல போட்டது. தைமஸ்ல கொழுப்பு கொறஞ்சு வேலை செய்யற பாகம் கூடியிருந்துது. 14 சதவீதம்னா பட்டினி இல்ல, நாலு இட்லில அரை இட்லி.

ராத்திரிடூட்டி
இன்னைக்கு ராத்திரி 9.05

அரை இட்லி கணக்கு குடமுருட்டி அப்பாவுக்கு இப்ப வேணாம். புண்ணு ஆற புரதம் வேணும், முட்டை, பருப்பு, மீன் சாப்பிடறவருன்னா மீன், கிட்னி சரியா இருக்கான்னு டாக்டர்ட்ட கேட்டுக்கிட்டு குடுங்க. புண்ணு இருக்கற காலோட வாக்கிங் வேற போக சொல்லிடாதீங்க யாரும், அந்த கால் மேல பாரம் போடாம இருக்கறதுதான் பாதி வைத்தியம்.

குடமுருட்டி
இன்னைக்கு ராத்திரி 9.40

அப்பா பக்கத்துலதான் இருக்காரு, புனே லண்டன் ஃபோட்டோ கதைய சொன்னேன், பனியன தூக்கி வயித்த ஒரு தடவ பாத்துக்கிட்டாரு, ஒண்ணும் பேசல. அப்பறம் "அந்த வெள்ளக்காரர் என்ன சாப்பிடறாராம்"னு மட்டும் கேட்டாரு. ஸ்கேனுக்கு வியாழக்கெழமை வர சொல்லியிருக்காங்க, உணர்ச்சி டெஸ்ட்டும் அன்னைக்கே பாக்கறோம்னாங்க. 

சிஸ்டர், எம்சிஆர் செருப்பு சைஸ் கட்டு போட்ட காலுக்கு பாத்து வாங்கணுமா, கட்டு இல்லாமயா?

ராத்திரிடூட்டி
இன்னைக்கு ராத்திரி 9.52

கட்டோட. சாயங்காலம் போங்க, அப்பத்தான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரி. பின்னாடி வார் வெச்சது வாங்குங்க. போடறதுக்கு முன்னாடி தெனம் கைய உள்ள விட்டு தடவி பாக்கணும், கல்லு கில்லு கெடக்கும், அவருக்கு தெரியாது.